லேக் வியூ ரோடு

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அங்கே எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஏரி தெரியாது. பல வருஷங்கள் இதை ஒரு ஹாஸ்யமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

வங்கியில் கடன் பிரிவுக்கு வந்த பிறகுதான் அது ஹாஸ்யமல்ல, சாட்சியம் என்று பட்டது. வீட்டுக் கடன் கேட்பவர்கள் தரும் பத்திரக் கட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மேலே இருக்கும் கிரயப் பத்திரத்தில் மூன்றாவது மாடி, கதவு எண். அடியில் இருக்கும் மூலப்பத்திரத்தில் நஞ்சை, வரப்பு, வாய்க்கால். நான்கெல்லையில் ஒன்று ஏரிக்கரை.

நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் லாங் டாங்க். மாம்பலம் அதன் கரையில் இருந்த கிராமம். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பெருகிவிட்ட ஜனத்துக்கு வீடு வேண்டும். ஏரியை வடித்து மனை போட்டார்கள். ஆட்சியில் இருந்தது ஜஸ்டிஸ் கட்சி. 1925இல் காலமான தியாகராய செட்டியின் பெயர் புதிய நகருக்கு; பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கு; நாயருக்கும் உஸ்மானுக்கும் சாலைகள். இந்தப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே வந்து குடியேறியவர்களில் பிராமண உத்தியோகஸ்தர்களும் அநேகம். சரித்திரத்துக்கு இம்மாதிரிக் குறும்புகள் சகஜம். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு சினிமாக்காரர்கள், தெலுங்கு பேசுபவர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வியாபாரிகள். பாண்டி பஜார், சௌந்தரபாண்டியனார் அங்காடி ஆயிற்று. 1976இல் நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரி நிலத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

தலைவர்களுக்குத் தெரு கிடைத்தது. வள்ளுவருக்குத் தேர் கிடைத்தது. அந்த நஞ்சையில் நாற்று நட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது என் மேஜைக்கு வரும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பத்திரம் சொந்தக்காரனை மட்டுமே அறியும்.

எலியட்டின் 'பாழ்நிலம்' வெளிவந்தது 1922இல். அதே பத்தாண்டில்தான் இங்கே ஒரு ஏரி வற்றடிக்கப்பட்டது. தற்செயல்தான். ஆனால் நமது நவீன கவிதை நகரத்தின் வறட்சியைப் பேச வந்தபோது லண்டனிலிருந்து கடன் வாங்கியதே ஒழிய, காலடியில் இருந்த வறட்சியைக் கேட்கவில்லை. வேரற்ற நகரம், முகமற்ற கூட்டம் என்று நானும் விமர்சனம் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த நகரம் வேரற்றதல்ல. வேர் அறுக்கப்பட்ட இடமும் வருஷமும் சட்டமும் தெரியும். முகம் இல்லாதவர்களும் இல்லை. முகங்களை எழுதிவைக்க யாரும் சிரத்தை கொள்ளவில்லை.

2015 டிசம்பர் மழையில் மாம்பலத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறி நின்றது. ஏரி தன் இடத்தை மறக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எளிதான படிமம், எனக்கும் பிடித்தது. தண்ணீருக்கு நினைவு உண்டென்று சொல்வதில் நமக்குச் செலவில்லை. மனிதர்களை நினைவில் வைப்பதுதான் வேலை. அதைக் கவிதை செய்யுமா?