வெள்ளிக்கிழமை 13: பிழையால மாட்டின வைரஸ்

"வைரஸ் வந்தா ஃபைல் போயிடும்"னு சொல்றோமே, எப்படிப் போகும்? பழைய டாஸ் காலத்து ஜெருசலேம் வைரஸை வச்சுப் பாத்தா நல்லாப் புரியும். நான் பொறக்கறதுக்கு முன்னாடி, 1987-ல, ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. பரவினது ஃப்ளாப்பி வழியா.

நமக்கு ஊர் திண்டிவனம். அதனால விழுப்புரம் போற ரயிலை வச்சே சொல்றேன். ரயில்தான் புரோகிராம்னு வச்சுக்குங்க. வைரஸ் ஒட்டின புரோகிராமை ஒரு தடவை ஓட்டினாப் போதும், அது மெமரில போய் உக்காந்துக்கும். அதுக்கப்புறம் டாஸ்கிட்ட நீங்க எந்தப் புரோகிராமை ஓட்டச் சொன்னாலும் நடுவுல மறிச்சு அதுலயும் ஒட்டிக்கும். (கமாண்ட்.காமுக்கு மட்டும் விலக்கு!)

.காம் ஃபைல்னா ரயிலுக்கு முன்னாடி ஒரு பெட்டி. .எக்ஸ்ஈ ஃபைல்னா பின்னாடி ஒரு பெட்டி. கூடவே ஓட்டம் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்ங்கற முகவரியையும் மாத்திடும். ரெண்டுலயும் முதல்ல ஓடறது வைரஸ், அப்புறம்தான் அசல் புரோகிராம். அதனால ஓட்டறவருக்கு ஒண்ணும் தெரியாது.

.காம் ஃபைலோட கடைசில 5 பைட் அடையாளம் வேற வைக்கும். மொத்தம் 1813 பைட் கூடும். அடுத்த தடவை அந்த அடையாளத்தைப் பாத்தா, "இது நம்மாளு"ன்னு விட்டுடும்.

வேடிக்கை இங்கதான். .எக்ஸ்ஈ ஃபைல்ல இந்தச் சோதனை வேலை செய்யல. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் சுமார் 1,800 பைட் கூடிக்கிட்டே போகும். திண்டிவனத்துல கிளம்பற ரயிலுக்கு தினம் ஒரு பெட்டி சேத்தா என்ன ஆகும்? ஒருநாள் விழுப்புரம் பிளாட்ஃபாரம் பத்தாது. 100 தடவை ஓட்டினா 180 கேபி கூடுதல்; டாஸ்ல புரோகிராம் ஓட இருந்த இடமே மொத்தம் 640 கேபிதான். கடைசில மெமரி பத்தாம புரோகிராம் ஏறவே ஏறாது.

எழுதின ஆளோட திட்டமே வேற. 13-ம் தேதி வெள்ளிக்கிழமை வந்தா, அன்னிக்கு ஓட்டற புரோகிராமையெல்லாம் அழிக்கணும். 1987-க்கு விதிவிலக்கு. ஆக முதல் நாள் 1988 மே 13. ஒரிஜினல் ஃப்ளாப்பி வச்சிருந்தவங்க மறுபடி போட்டுக்கலாம். கைமாறி கைமாறி வந்த காப்பியை நம்பினவங்களுக்கு அந்தக் காப்பிலயே வைரஸ் இருக்கும்!

ஆனா ஃபைல் வீங்கினதும், அரைமணி நேரத்துல மெஷின் இழுக்க ஆரம்பிச்சதும் காட்டிக் குடுத்துடுச்சு. மே 13-க்கு முன்னாடியே நீக்கற புரோகிராமும் வந்தாச்சு.

1990-ல நம்ம நாட்டுல கண்டுபிடிச்ச ஜோஷி வேற ஜாதி. அது ஃபைலைத் தொடாது, பூட் செக்டர்ல உக்காரும். ஜனவரி 5 ஆனா பிறந்தநாள் வாழ்த்து டைப் பண்ணச் சொல்லி அடம் பிடிக்கும்.

"சின்ன பக்தானே"ன்னு ரிலீஸ் பண்றவங்களே, உலகத்துல ஒரே ஒரு தடவையாவது அந்த அலட்சியம் நல்லது பண்ணிருக்கு. அதுக்காக டெஸ்டிங்கை விட்டுடாதீங்க :)