கட்டாடின் ஏற்றமும் ஆற்றுவழித் திட்டமும் (1846)

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் ஹென்றி டேவிட் தோரோ 1846 செப்டம்பரில் மேற்கொண்ட ஏற்றம், தனிமனிதன் இயற்கையை எதிர்கொண்ட நிகழ்வாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வேற்றத்தின் எல்லையை வகுத்தது பெனாப்ஸ்காட் ஆறு என்பது அவ்வாசிப்பில் விடுபடுகிறது.

மலையடிவரை சாலை இல்லை. ஆறும் ஏரிகளுமே வழி. மூஸ் வேட்டைக்குத் தோணியில் புறப்படவிருந்த பெனாப்ஸ்காட் பழங்குடியினர் லூயி நெப்டியூன் வழிகாட்ட இசைந்திருந்தார். குறித்த இடத்தில் அவரைக் காணவில்லை. (திரும்பும் வழியில்தான் எதிர்ப்பட்டார்.) எனவே ஜார்ஜ் மெக்காஸ்லின், டாம் ஃபௌலர் என்னும் குடியேறிகள் இருவர் படகோட்டிகளாயினர், தோணிக்கு மாறாக, மரம்வெட்டுவோர் ஆற்றில் செலுத்தும் 'பட்டோ' என்னும் பலகைப் படகு அமைந்தது. பழங்குடியினரின் வழியறிவு நீங்க, மரத்தொழிலின் ஆற்றறிவு அவ்விடத்தை நிரப்பியது எனலாம்.

மெக்காஸ்லினின் மூட்டையில் 15 பவுண்டு கெட்டி ரொட்டி, 10 பவுண்டு பன்றியிறைச்சி, சிறிது தேயிலை ஆகியன இருந்தன. உண்போர் அறுவர். மேட்டுநிலத்தை மேகம் மூடியிருந்த நிலையில் தோரோ உச்சியைத் தொடாமலே இறங்கினார். மேகம் பல நாள் விலகாதிருக்கக்கூடும்; துணைவர்களோ இரவுக்குள் ஆற்றை அடைய விரும்பினர். இவ்விறக்கத்தை மெய்யியல் தோல்வியாக விளக்குவோர், அந்த மூட்டையையும் கீழே விட்டுவந்த படகையும் கணக்கிற்கொள்வதில்லை.

1857இல் ஜோ போலிஸ் என்னும் பெனாப்ஸ்காட் வழிகாட்டியுடன் பிர்ச் பட்டைத் தோணியில் அக்காட்டுக்கு மீண்டும் வந்தபோதும், தோரோ கட்டாடின்மீது ஏறவில்லை.