ஒரு இடைவெளி வைத்த ஆப்பு

1970களின் தொடக்கம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வாய்த்ததோ மாடல் 33 டெலிடைப். வினாடிக்கு 10 எழுத்தைத் தடதடவென்று காகிதத்தில் அடிக்கும். அதற்கு மேல் முக்கினாலும் வராது. அதனால் கட்டளைகளைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கினார்கள். சொல்லையும் சொல்லையும் பிரிக்க ஒற்றை இடைவெளி போதும் என்று வைத்தார்கள். கோப்புப் பெயருக்கு முதலில் 8 எழுத்து, பிறகு 14. இந்தக் குட்டிப் பெயருக்குள் எவன் இடைவெளி விடப்போகிறான்? தடையே போடவில்லை. பெயரில் வரக்கூடாதவை இரண்டுதான்: ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்கோடு, பெயர் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய பைட். இந்த இரண்டாவது ஆசாமியை அன்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே பெல் ஆய்வுக்கூடத்தில் டிக் ஹைட் ‘ஃபைண்ட்’ எழுதினார். கேட்ட கோப்புகளைத் தேடி வரிக்கு ஒன்றாகப் பெயர் சொல்லும் நிரல் அது. ஆனால் ஒரு கட்டளைக்கு ஒரே மூச்சில் தரக்கூடிய பெயர்களின் நீளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. அதைச் சமாளிக்க ஹெர்ப் கெல்லிஸ் ‘எக்ஸார்க்ஸ்’ செய்தார். வருகிற பெயர்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுத்த கட்டளைக்கு அனுப்பும். அதற்கு ஒரு சின்னப் பழக்கம்: இடைவெளி கண்ட இடத்தில் பெயர் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

1979ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு கட்டளைகளைப் படித்து நடத்தும், ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. ஒரு மாறிக்குள் நாலு பெயரை இடைவெளி விட்டு அடைத்தால் போதும். எடுக்கும்போது ஷெல்லே பிரித்துக் கொடுத்துவிடும். பிரிக்கக் கூடாது என்றால் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போட வேண்டும். பெயர்களில்தான் இடைவெளியே இல்லையே என்று அதைப் பலர் போடவே இல்லை. 1984ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்து சேரும்வரை வண்டி ஓடியது.

மேக்கில் கணினியின் உயிர்நாடியான ஃபோல்டருக்கே ‘சிஸ்டம் ஃபோல்டர்’ என்று நடுவில் இடம் விட்டுத்தான் பெயர். கோப்புக்குப் பெயர் சூட்டும் உரிமை சாதாரண ஜனங்களின் கைக்குப் போனது. அந்தக் கோப்புகள் நெட்வொர்க் வழியாக யூனிக்ஸ் சர்வர்களில் வந்து இறங்கியபோது பேக்கப் ஸ்கிரிப்ட்கள் திணறின. ‘ஓல்ட் பிக்சர்ஸ்’ ஃபோல்டரை மட்டும் விலக்கிவிட்டு மீதியை ‘டார்’ நிரலால் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் எழுதியவர் விவரமாக அந்தப் பெயரை மேற்கோள் குறியோடு மாறிக்குள் போட்டுவைத்தார். ஆனால் மாறிக்குள் கிடக்கும் மேற்கோள் குறி ஷெல்லுக்கு வெறும் எழுத்து. வழக்கம்போல் இடைவெளியில் வெட்டியது. விலக்க வேண்டிய பெயராக டாருக்குப் போனது ஒட்டிக்கொண்ட மேற்கோள் குறியோடு ‘ஓல்ட்’ மட்டும். அப்படி எதுவும் டிஸ்க்கில் இல்லை. ‘பிக்சர்ஸ்’ இதையும் சேர்த்துக் கட்டு என்ற உத்தரவாக மாறியது. ஒரு பிழைச் செய்தியை முணுமுணுத்துவிட்டு, வேண்டாம் என்ற ஃபோல்டரை முழுசாக டேப்பில் ஏற்றியது டார். இடம் வீணானதோடு போயிற்றே என்று நிம்மதி கொள்ளவும் வழியில்லை.

இடைவெளியில் வெட்டாமல் வரிக்கு ஒரு பெயர் என்று பிரித்தாலும் ஆபத்து இருந்தது. வரிமாற்றக் குறியும் பெயருக்குள் வரலாமே! விஷமி ஒருவன் பொதுத் தற்காலிக ஃபோல்டரில், வரிமாற்றத்தில் முடியும் பெயரோடு ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் சர்வரின் பாஸ்வேர்ட் கோப்புக்கான பாதையை அப்படியே நகலெடுத்து அடுக்கிவைத்தால் போதும். நள்ளிரவில் ஃபைண்டும் எக்ஸார்க்ஸும் பழைய குப்பையைக் கூட்டும்போது, ஒரே பாதை இரண்டு வரியாக உடையும். இரண்டாம் வரி, நிஜமான பாஸ்வேர்ட் கோப்பின் முகவரி! அழிந்துபோவது அதுதான். எந்த எழுத்தை வேலியாகப் போட்டாலும் அது பெயருக்குள் புகுந்துகொண்டது.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக டேவிட் மெக்கன்சி ஃபைண்ட், எக்ஸார்க்ஸ் இரண்டையும் மெருகேற்றிக்கொண்டிருந்தார். பின்னாளில் கியூமெயில் என்ற மின்னஞ்சல் நிரலால் புகழ்பெற்ற டான் பெர்ன்ஸ்டைனிடமிருந்து வந்தது அந்த யோசனை. சாய்கோடு பாதைக்குள் வந்தே தீரும். ஆனால் பூஜ்ய பைட்? பெயருக்குள்ளும் வராது, பாதைக்குள்ளும் வராது. அதையே வேலியாக்கினார்கள். ஃபைண்டின் ‘பிரின்ட் ஜீரோ’வும் எக்ஸார்க்ஸின் ‘மைனஸ் ஜீரோ’வும் பிறந்தது இப்படித்தான். 1996ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கரஸும் கோப்புகளை நகலெடுக்கும் ‘ஆர்சிங்க்’கை வெளியிட்டார்கள். விலக்க வேண்டியவற்றைத் தனிக் கோப்பில் பட்டியலிட அது வழி கொடுத்தது. அந்தப் பட்டியலையும் பூஜ்ய பைட்டால் பிரிக்கப் பின்னாளில் ‘ஃப்ரம் ஜீரோ’ வந்தது. 1996 இறுதியில் வந்த பாஷ் ஷெல்லின் 2.0 பதிப்பு, ஒவ்வொரு பெயரையும் தனித்தனி அறையில் குடிவைக்கும் அரேக்களைத் தந்தது. மருந்து தயார். நோயாளிகள்தான் மேற்கோள் குறியைக்கூடப் போட மறந்தார்கள்.

2001 மார்ச்சில் யூனிக்ஸை அடித்தளமாகக் கொண்ட மேக் ஓஎஸ் எக்ஸ் வெளியானது. இடைவெளிப் பெயர்களின் தாய்வீடும் இடைவெளியில் வெட்டும் ஷெல்லும் ஒரே கூரையின் கீழ்! அந்த நவம்பரில் ஐடியூன்ஸ் 2 வந்தது. அதை நிறுவும் ஸ்கிரிப்ட்டில் பழைய பிரதியை அழிக்கும் வரியில், ஹார்ட் டிஸ்க்கின் பெயரைத் தாங்கிய மாறிக்கு மேற்கோள் குறி இல்லை. ஒரு டிஸ்க் ‘டேட்டா’, இன்னொன்று ‘டேட்டா 2’ என்றிருந்தால், இரண்டாவதில் நிறுவப் போய் முதலாவதையே துடைத்துப்போட்டது. ஆப்பிள் அவசர அவசரமாக அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது.

பூஜ்ய பைட் மட்டும் பொறுமையாகக் காத்திருந்தது. குனூவிலிருந்து மற்ற யூனிக்ஸ் வகையறாக்களுக்கு ஒவ்வொன்றாகப் பரவியது. கடைசியில் 2024ல் வந்த, யூனிக்ஸ் வகையறாக்களுக்கான போசிக்ஸ் தரநிலை, பிரின்ட் ஜீரோவையும் மைனஸ் ஜீரோவையும் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஊரெல்லாம் பயன்படுத்திய ஒன்றுக்கு முத்திரை விழ முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.