இந்தியக் கிரிக்கெட் அணியில் கண்டிப்பும் தளர்வும்

கிரிக்கெட்டில் களத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன். யார் பந்து வீசுவது, ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கால்பந்துப் பயிற்சியாளரின் அதிகாரம் இங்கே பயிற்சியாளருக்குக் கிடையாது. எனவே இந்திய அணியின் பயிற்சியாளர் கண்டிப்பானவரா, இளகியவரா என்பதைவிட, கேப்டனும் அவரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்பதே பலமுறை அணியின் போக்கை முடிவு செய்திருக்கிறது.

1990-ல் மேலாளராக இருந்த பிஷன் சிங் பேடி கடும் பயிற்சியை வலியுறுத்தியவர். நியூசிலாந்தில் அணி தோற்றதும் வீரர்களைக் கடலில் தள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அவரது பதவிக்காலம் நீளவில்லை.

2000-ல் வந்த நியூசிலாந்தின் ஜான் ரைட், அணியின் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர். கேப்டன் சவுரவ் கங்குலியை முன்னால் நிறுத்தி, தாம் பின்னாலிருந்து உழைத்தார். 2001 கொல்கத்தா டெஸ்ட் வெற்றி, 2003 உலகக்கோப்பை இறுதிப்போட்டி, 2004-ல் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் தொடர் வெற்றி ஆகியவை அந்தக் காலத்தின் பலன்கள்.

2005-ல் பொறுப்பேற்ற கிரெக் சேப்பல் அணியைத் தம் எண்ணப்படி மாற்றியமைக்க முனைந்தார். கங்குலியைக் குறை கூறி கிரிக்கெட் வாரியத்துக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. கங்குலி கேப்டன் பதவியை இழந்தார். ராகுல் டிராவிட் தலைமையில், இலக்கைத் துரத்திய ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ச்சியாகப் பல வெற்றிகளைப் பெற்றது. ஆனாலும் மூத்த வீரர்களிடையே கசப்பு வளர்ந்தது. 2007 உலகக்கோப்பையில் தொடக்க ஆட்டக்காரரான சச்சின் டெண்டுல்கர் நான்காம் இடத்துக்கு இறக்கப்பட்டார். அணி முதல் சுற்றிலேயே வெளியேற, சேப்பலும் விலகினார்.

2008-ல் வந்த கேரி கிர்ஸ்டன் வீரர்களின் தேவையைக் கேட்டு அதற்கேற்பப் பயிற்சியை அமைத்தார். மணிக்கணக்கில் தாமே பந்து எறிந்து கொடுத்தார். 2011 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில், யுவராஜ் சிங்குக்கு முன்னால் தான் இறங்குவதாக மகேந்திர சிங் தோனி கண்ணாடிச் சுவரைத் தட்டிச் சைகை காட்டினார். வெளியே அமர்ந்திருந்த கிர்ஸ்டன் தலையசைத்தார். பேச்சே தேவைப்படவில்லை. தோனி 91 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் கோப்பையை வென்று தந்தார். 2009 முதல் ஸ்டீபன் ஃபிளெமிங்கைப் பயிற்சியாளராகக் கொண்ட சென்னை சூப்பர் கிங்ஸ், இதே தோனியின் தலைமையில் ஐந்து முறை ஐபிஎல் பட்டம் வென்றதற்கும் இத்தகைய புரிதலே அடித்தளம்.

2016-ல் பொறுப்பேற்ற பெங்களூரின் அனில் கும்ப்ளே ஓராண்டில் பல டெஸ்ட் தொடர்களை வென்று தந்தார். ஆனால் தமது அணுகுமுறையைக் கேப்டன் விராட் கோலி ஏற்கவில்லை என்று அறிந்ததும், 2017 ஜூன் 20 அன்று பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ரவி சாஸ்திரி காலத்தில் கண்டிப்பு குறைந்துவிடவில்லை. யோ-யோ ஓட்டச் சோதனையில் தேறாத அம்பத்தி ராயுடு 2018-ல் இங்கிலாந்துத் தொடரில் இடம் இழந்தார். அந்தக் கண்டிப்பு அணியில் நிலைத்தது. ஏனெனில், உடல்தகுதிக் கட்டுப்பாட்டை முதலில் தன் மீதே விதித்துக்கொண்ட கேப்டன் கோலி அதன் பின்னால் நின்றார்.