கிணற்றடியிலிருந்து வால்வு வரை: ஒரு குடிநீர் ரசீதின் வரலாறு

ஊராட்சியில் கொடுத்த குடிநீர்க் கட்டண ரசீது உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையில் நான்காக மடிந்து கிடக்கும். பல வீடுகளில் அதுவும் இருக்காது. பணம் கட்டியிருப்பார்கள், ரசீது வாங்கியிருக்க மாட்டார்கள்.

இளைஞர்களோடு உட்கார்ந்து பேசும்போது ஒன்றைக் கவனித்து வருகிறோம். பாபாசாகேப் மகாத்தில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த வரலாறு எல்லோருக்கும் தெரிகிறது, தேதியோடு சொல்கிறார்கள். ஆனால் தங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வு எங்கே இருக்கிறது, மோட்டாருக்கு மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, மாதக் கட்டணத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இவை இரண்டும் ஒரே வரலாறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யார் பணம், யார் தண்ணீர்

மகாத் போராட்டத்தை நாம் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் என்று மட்டும் படிக்கிறோம். அதன் சட்ட அடிப்படை என்ன என்று பார்ப்பதில்லை. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள் எல்லாவற்றையும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்றது. அந்தத் தீர்மானம் நின்றது பொதுப் பணம் என்ற சொல்லின் மேல். மகாத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுத்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். சாதி இந்துக்கள் குளத்தில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. பிறகு அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே வைத்த வாதம், குளம் பொதுச் சொத்தல்ல, தங்களுக்குச் சொந்தமானது என்பது. வேற்று மதத்தவர் அதே குளத்தில் தண்ணீர் எடுத்தபோது எழாத சொத்துரிமை, தலித் மக்கள் எடுத்ததும் எழுந்தது. பத்தாண்டு இழுத்த வழக்கு 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது.

சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் இதே கேள்வி எழுந்தது. 1924 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றில் எந்த வகுப்பாரும் நடமாடலாம், பயன்படுத்தலாம் என்றது. அது அரசாணையாகவும் வந்தது. 1938இல் எம்.சி. ராஜா முன்னெடுத்த சமூக உரிமைத் தடை நீக்கச் சட்டம் அதற்குச் சட்ட வலு தந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைத் திறந்து பாருங்கள். முழுமையாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1923 தீர்மானத்தின் அதே தர்க்கம். பொதுப் பணம் போகிற இடத்தில் நமக்குப் பங்கு உண்டு.

தனிக் கிணறு என்ற சமரசம்

ஊர்க் கிணற்றில் நம் முன்னோர் தண்ணீர் இறைத்ததில்லை. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்து நின்றார்கள். மனமிரங்காத நாளில் குட்டைத் தண்ணீர்.

1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை ஏற்பட்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் நலனும் அதன் பொறுப்புக்கு வந்தது. வீட்டுமனை, பள்ளிக்கூடம், கிணறு மூன்றும் அந்தத் துறை சேரிகளுக்குச் செய்த வேலைகளில் முக்கியமானவை. தாகம் தீர்ந்தது, உண்மை. அந்தக் கிணறுகளை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஊர்க் கிணற்றைத் திறந்துவிடும் சண்டையைப் போடுவதைவிடச் சேரிக்குத் தனியாக ஒரு கிணறு வெட்டுவது அரசுக்கு எளிதாக இருந்தது. சட்டம் 'எல்லோருக்கும் பொது' என்றது, நிர்வாகம் 'உங்களுக்குத் தனியாக' என்றது. சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான இந்த விரிசல்தான் கிணற்றிலிருந்து அடிபம்புக்கும், அடிபம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கும் தொடர்ந்து வந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது, 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. கர்நாடகத்தில் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தலித் மக்கள் தண்ணீர் எடுக்கவிடாமல் மிரட்டித் தடுத்த அப்பா பாலு இங்களே வழக்கில், உயர்நீதிமன்றம் விடுவித்த குற்றவாளிகளுக்கு 1992இல் உச்சநீதிமன்றம்தான் தண்டனையை உறுதி செய்தது. ஆழ்துளைக் கிணறு புது நுட்பம். தடுத்த கை பழைய கை. 2001–02இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு, ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் தலித் மக்களுக்குப் பொது நீர்நிலைகள் மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது.

குழாய் வந்தது, சாதி எங்கே போனது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அம்பேத்கர் பிறந்த நாள் என்பது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வாரியம் திட்டம் போடும், குழாய் பதிக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஆற்றுத் தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து ஊராட்சிக்கு மொத்தமாகக் கொடுக்கும். ஊருக்குள் வந்த தண்ணீரைத் தெருத் தெருவாகப் பங்கிடுவதும், ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றை நடத்துவதும் ஊராட்சியின் வேலை.

குழாய்த் தண்ணீருக்குத் தொட்டுத் தூக்கும் வாளி கிடையாது. ஒரே கிணற்றில் கயிறு விட வேண்டியதில்லை. எனவே தீண்டாமை தானாகக் கழன்று போகும் என்று பலர் நம்பினார்கள். கழன்று போகவில்லை, இடம் மாறியது.

தொட்டி எங்கே கட்டப்படுகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் தொட்டி ஊருக்குள் நிற்கும், காலனிக்குப் போகும் குழாய் கடைசிக் கிளையாக இருக்கும். விவசாயத்தில் கடைமடை என்பார்களே, அதுதான். வழியில் உள்ள வீடுகளில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கடைமடைக்குக் காற்றுதான் வரும். வால்வைத் திறக்கும் நேரத்தைப் பாருங்கள். ஊருக்குக் காலை 6 மணி, காலனிக்குப் பெண்கள் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிய பிறகு 10 மணி என்றால், காகிதத்தில் இரண்டு தெருவுக்கும் 'தினமும் குடிநீர்' தான். தொட்டி இயக்குபவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சொற்பத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் அவர், யார் சொல்லுக்கு அஞ்சுகிறாரோ அவர் தெருவுக்குத்தான் முதலில் திறப்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை இந்திய அளவில் எண்ணாகக் காட்டியது. வீட்டு வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் கிடைக்கும் குடும்பங்கள் மொத்தத்தில் சுமார் 47 சதவீதம், பட்டியல் சாதியினரில் சுமார் 35 சதவீதம். அந்த இடைவெளியைக் குடத்தோடு நடந்து கடப்பவர்கள் பெண்கள்.

பில் யாருக்கு வருகிறது?

இப்போது கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சி வெவ்வேறு செலவுக்கு வெவ்வேறு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறது. முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் அதில் சேரும். இரண்டாம் கணக்கிலிருந்து மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய தொகை போகிறது. அதற்குப் பணம் பெரும்பாலும் அரசு ஊராட்சிக்கு ஒதுக்கும் நிதியிலிருந்து வருகிறது. இதன் பொருள் என்ன? உங்கள் வீட்டிலிருந்து வாங்கும் மாதம் 30 ரூபாயோ 50 ரூபாயோ திட்டத்தை ஓட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான். மீதியைத் தருவது மக்கள் எல்லோரும் கட்டும் வரி. 'நாங்கள் வரி கட்டுகிறோம், எங்கள் தண்ணீர்' என்று ஊர்ப் பெரியவர் யாராவது சொன்னால், மகாத்தில் குளம் எங்கள் சொத்து என்று சொன்னவர்களின் வாதத்தைத்தான் அவர் திரும்பச் சொல்கிறார். பதிலும் அதேதான்: பொதுப் பணம், பொதுத் தண்ணீர்.

வீட்டு இணைப்பு வாங்க வைப்புத்தொகையும் வீட்டு வரி ரசீதும் கேட்பது வழக்கம். இங்கேதான் நம் மக்கள் சிக்குகிறார்கள். புறம்போக்கில் வீடு, பட்டா இல்லை, வீட்டு வரி போடவில்லை, ஆகவே இணைப்பு இல்லை. கேட்டால் 'விதி அப்படி' என்பார்கள். சாதியை யாரும் வாயால் சொல்லவில்லை. நிலம் மறுக்கப்பட்ட வரலாறு தண்ணீர் மறுக்கும் விதியாக மாறி நிற்கிறது.

2019இல் ஒன்றிய அரசு அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு கிராமப்புற வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றது. ஊருக்குள் செய்யும் பணிகளின் செலவில் மக்கள் பங்களிப்பு 10 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களில் 5 சதவீதம். இந்தக் குறைவான பங்கு உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? பங்களிப்பைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றும் விதி இருக்கிறது. உழைப்பு என்று வரும்போது பள்ளம் தோண்டுவது யார், பணம் கட்டியதாகக் கணக்கு எழுதப்படுவது யார் பெயரில் என்பதையும் கேட்க வேண்டும். கூலியில்லா வேலை நமக்குப் புதிதல்ல.

வேங்கைவயல்

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். விசாரணைக்குப் போன அதிகாரிகள் அங்கே இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் இருந்ததை நேரில் கண்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது, உயர்நீதிமன்றம் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை வைத்தது சிபிசிஐடி. அந்த மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

அந்தத் தொட்டி தலித் மக்களுக்கென்று இருந்த தொட்டி என்பதை மறக்கக் கூடாது. தொழிலாளர் துறைக் கிணறு தொடங்கி நூறு ஆண்டு ஓடிய 'உங்களுக்குத் தனியாக' என்ற ஏற்பாடு கடைசியில் அங்கே வந்து நின்றது. எல்லோரும் ஒரே தொட்டியில் குடிக்கும் ஊரில் ஒருவர் இன்னொருவர் தண்ணீரை மட்டும் அழுக்காக்க முடியாது. பொதுத் தொட்டி என்பது நீதி மட்டுமல்ல, நமக்குப் பாதுகாப்பும் அதுதான்.

தாகத்தோடு இருக்கும் மக்களிடம் 'தனித் தொட்டி வேண்டாம்' என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தண்ணீர் முதலில் வரட்டும். ஆனால் தனித் தொட்டி கட்டிக் கொடுத்ததும் கோரிக்கை முடிந்துவிட்டதாக அதிகாரி எழுதினால், அங்கே நாம் கையெழுத்துப் போடக் கூடாது.

மார்ச் 20க்கும் 22க்கும் இடையில்

மார்ச் 20 மகாத் நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபைக்கென்று அறிவிக்கப்பட்ட நாட்களில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள். மகாத் நாளில் படத்துக்கு மாலை போடும் தோழர்கள், அடுத்த நாளை ஒரு வேலைக்கு ஒதுக்கலாம்.

தெருவில் இறங்குங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று ஒரு தாளில் வரையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வந்த நேரத்தையும் நிரம்பிய குடங்களையும் உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இணைப்பு இல்லாத வீடுகளைப் பட்டியல் எடுங்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதோடு. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், குறிப்பாகக் குடிநீர்க் கணக்கை. கேட்டதைத் தீர்மானமாக எழுத வையுங்கள், எழுதியதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழியாகத் தரும் வாக்குறுதி மகாத் நகராட்சித் தீர்மானத்தைவிட மெலிந்தது.

கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். பாக்கி இருக்கிறது என்று தண்ணீரை நிறுத்தினால், மற்ற தெருக்களின் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சின்னச் சீட்டு, பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு பொதுத் திட்டத்தில் உங்கள் வீடும் பங்காளி என்பதற்கான சான்று. 1927இல் மகாத்தில் நின்றவர்களின் கையில் ஒரு நகராட்சித் தீர்மானம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் குளத்துக்கு நடந்தார்கள். நம் கையில் இருப்பது ரசீது. கிராம சபைக்கு நடப்போம்.