ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

'வெளியே போய்ப் படிக்கிறது'ன்னு பேச்சு வந்தாலே நம்ம ஊர்ல விசா, வங்கிக் கடன், ஏர்போர்ட்ல அம்மா அழுகை, பெட்டிக்குள்ள புளிக்காய்ச்சல் பாட்டில், இதோட கதை முடிஞ்சுடும். நான் சொல்லப்போறது முழு டிகிரிக்கே பெட்டி கட்டறவங்களைப் பத்தி இல்லை. ஒரு காலேஜ்ல சேர்ந்து, நடுவுல கொஞ்ச காலம் வேற ஊருக்கோ, வேற நாட்டுக்கோ, ஒரு தொழிற்சாலைக்கோ போய்க் கத்துக்கிட்டு, திரும்ப அதே காலேஜுக்கு வர்றவங்களைப் பத்தி.

கொஞ்ச நாளா இந்த வரலாற்றைத் தோண்டிக்கிட்டு இருக்கேன் மக்களே. தோண்டத் தோண்ட ஒரே ஒரு ஆள்தான் திரும்பத் திரும்ப எதிர்ல வந்து நிக்கிறார். வாத்தியார் இல்லை, மாணவர் இல்லை, கப்பல் கேப்டனும் இல்லை. காலேஜ் ஆபீஸ்ல ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற கிளார்க்! 'நீ வெளியே படிச்சதை இங்கே சேர்த்துக்க முடியுமா, முடியாதா?' இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்ற பதில்லதான் மொத்த விஷயமும் தொங்குது.

முதல்ல அமெரிக்காவுல சின்சினாட்டிக்குப் போவோம். ஹெர்மன் ஷ்னைடர்னு ஒரு பொறியியல் பேராசிரியர். 1903ல அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதுக்கு முன்னாடி லீஹைங்கிற பல்கலைக்கழகத்துல இருந்தப்பவே அவர் மனசுல ஒரு யோசனை ஓடிக்கிட்டிருந்தது. படிப்பு முடிச்சதும் நல்லா வேலை செய்யற பசங்க யாருன்னு பார்த்தா, படிக்கும்போதே எங்கேயாவது வேலை பார்த்தவங்களாத்தான் இருந்தாங்க. சின்சினாட்டி எந்திரக் கருவிகள் செய்யற ஊர், லேத்தும் டிரில்லிங் மெஷினும் தெருவுக்குத் தெரு. பக்கத்துலயே இவ்வளவு பட்டறை இருக்கும்போது காலேஜுக்குள்ள தனியா ஒண்ணு எதுக்குக் கட்டணும்னு கேட்டார்.

நிர்வாகம் தயங்கித் தயங்கித்தான் சம்மதிச்சது. 1906ல 27 மாணவர்களோட ஆரம்பிச்சாங்க. ஏற்பாடு ரொம்ப எளிமை. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்துட்டாங்க. ஒருத்தன் இந்த வாரம் வகுப்புல, இன்னொருத்தன் தொழிற்சாலையில. அடுத்த வாரம் இடம் மாறிக்குவாங்க. முதலாளிக்கு வருஷம் பூரா ஒரு ஆள் கிடைச்சுடும். பையனுக்குக் கூலி கிடைக்கும். அதோட ஃபீஸையும் கொஞ்சம் சமாளிச்சுக்கலாம்.

ஆனா ஷ்னைடரோட கெட்டிக்காரத்தனம் ஜோடி சேர்த்ததுல இல்லை. தொழிற்சாலை வாரத்தைப் படிப்போட ஒரு பகுதின்னே விதியில எழுதினார் பாருங்க, அங்கேதான் இருக்கு. லீவுல போறது கிடையாது, ஆர்வம் இருந்தா போறதும் கிடையாது. போகலைன்னா பட்டம் இல்லை. 'கோ-ஆப்'னு பேர் வெச்ச இந்த முறை 1909ல பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்னுக்குப் போச்சு. 1921ல ஆன்டியாக் கல்லூரியில ஆர்தர் மார்கன் இதை இலக்கியம், சமூகவியல் படிக்கிறவங்களுக்கும் கொண்டுவந்தார். 1957ல கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகம் இதை அஸ்திவாரமா வெச்சே ஆரம்பிச்சது.

இது தொழிற்சாலைக் கதை. கடல் தாண்டற கதை 1923ல ஆரம்பிக்குது.

டெலவேர் பல்கலைக்கழகத்துல ரேமண்ட் கிர்க்பிரைட்னு ஒரு பிரெஞ்சு ஆசிரியர். முதல் உலகப் போர்ல இருந்துட்டு வந்தவர். பிரெஞ்சை டெலவேர்ல உக்காந்து படிச்சா வராது, மூணாவது வருஷத்தை அப்படியே பிரான்ஸ்ல படிக்கட்டும்னு ஒரு திட்டம் போட்டார். தலைவர் வால்டர் ஹல்லிஹெனுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா பல்கலைக்கழகம் பணம் தரலை. ஹல்லிஹென் வெளியே போய்ப் பியர் டு பான்ட் மாதிரி பெரிய ஆளுங்ககிட்ட கேட்டு வாங்கினார். அப்போ வணிகத்துறை அமைச்சரா இருந்த ஹெர்பர்ட் ஹூவர் (பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்) ஆதரவு கொடுத்தார்.

1923 ஜூலையில ரோஷம்போங்கிற கப்பல்ல எட்டே எட்டு மாணவர்கள் கிளம்பினாங்க. முதல்ல நான்சி நகரத்துல மொழிப் பயிற்சி, அப்புறம் பாரிஸ்ல சோர்போன். தங்கறது பிரெஞ்சுக் குடும்பங்களோட. அமெரிக்கக் கல்லூரிகள்ல 'ஜூனியர் இயர் அப்ராட்'னு இன்னிக்கும் சொல்றாங்களே, அதோட பிள்ளையார் சுழி இதுதான்.

ஐரோப்பாவுக்குப் போன முதல் அமெரிக்கப் பசங்களா இவங்க? கிடையவே கிடையாது. பணக்கார வீட்டுப் பிள்ளைங்க அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. அப்போ புதுசா என்ன? திரும்பி வந்ததும் நேரா நாலாவது வருஷத்துல உக்காந்தாங்க. ஒரு வருஷம் வீணாகலை. பிரான்ஸ்ல படிச்ச வருஷம் டெலவேர் பதிவேட்டுல ஏறிடுச்சு!

1925ல ஸ்மித் கல்லூரி தன்னோட மாணவிகள் 32 பேரை பாரிஸுக்கு அனுப்பிச்சது. டெலவேர் திட்டம் 1948ல நின்னுபோச்சு, ஸ்மித் விடலை. 1949ல அந்த ஸ்மித் கோஷ்டியோட பாரிஸ் போனவங்கள்ல ஒருத்தர் ஜாக்குலின் பூவியே. ஆமா, பின்னாடி ஜாக்குலின் கென்னடி. வேடிக்கை என்னன்னா அவர் ஸ்மித் மாணவியே இல்லை, வாஸர் கல்லூரி. அடுத்த கல்லூரித் திட்டத்துல போய்ட்டு வந்தும் நாலே வருஷத்துல, 1951ல, பட்டம் வாங்கிட்டார். 1963ல ஏஞ்சலா டேவிஸ் கதையும் இதேதான். படிச்சது பிராண்டைஸ், போனது ஹாமில்டன் கல்லூரித் திட்டத்துல. அவர் பிரான்ஸ் போய் இறங்கின கொஞ்ச நாள்லதான் அவரோட சொந்த ஊரான பர்மிங்ஹாம்ல, இனவெறியர்கள் சர்ச்ல குண்டு வெச்சு நாலு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்னாங்க. அவருக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்க. கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சார். ஊரை விட்டு வெளியே போனாதான் ஊர் முழுசாத் தெரியும்னு சொல்வாங்க. சில சமயம் அது இவ்வளவு கொடூரமாத் தெரியுது.

சரி, இதெல்லாம் ஜன்னல் திறந்த கதை. இனி மூடின கதை.

சோஃபியா கொராடி, 1934ல பிறந்த இத்தாலியப் பெண். ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சுக்கிட்டிருந்தார். நடுவுல ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைச்சது. (போர்ல மிஞ்சிப்போன அமெரிக்க ராணுவத் தளவாடங்களை வித்த காசுல 1946ல உருவான உதவித்தொகை இது. பீரங்கியை வித்துப் படிக்க வெச்ச ஒரே திட்டம் இதுவாத்தான் இருக்கும் :-)) அதுல நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஒப்பீட்டுச் சட்டத்துல முதுகலையே முடிச்சுட்டார். சந்தோஷமா ஊருக்குத் திரும்பி, கொலம்பியா காகிதத்தை எடுத்துக்கிட்டு ரோம் பல்கலைக்கழக ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார். பாக்கியிருக்கிற சில தேர்வுகளுக்குப் பதிலா இதைச் சேர்த்துக்குவீங்களான்னு கேட்டார்.

சேர்த்துக்கலை. சேர்த்துக்காதது மட்டும் இல்லை, நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தி அனுப்பினாங்க. ஊர் சுத்திட்டு வந்து பட்டம் கேக்கிற பொண்ணு மாதிரி நடத்தினாங்கன்னு பின்னாடி பல பேட்டியில சொல்லியிருக்கார். கொலம்பியாவுல முதுகலை முடிச்சவர் மறுபடி ரோம்ல உக்காந்து மிச்சத் தேர்வை எழுதி 1959ல பட்டம் வாங்கினார்.

நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? டீக்கடையில நின்னு அந்த ஆபீஸைத் திட்டித் தீர்த்துட்டு, வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அந்தம்மா போகலை. கொஞ்ச வருஷம் கழிச்சு இத்தாலியப் பல்கலைக்கழக ரெக்டர்கள் கூட்டமைப்புக்கு ஆலோசகர் ஆனார். அதாவது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்ட்டார்! 1969ல ஒரு குறிப்பு எழுதி ரெக்டர்களுக்குக் கொடுத்தார். மாணவர்கள் வேற நாட்டுல ஒரு பகுதியைப் படிக்கலாம், சொந்தப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஒப்புக்கிட்ட பாடங்களா இருந்தா, திரும்பி வந்ததும் அப்படியே சேர்த்துக்கணும். இதுதான் சாரம். 'முன்கூட்டியே'ங்கிற வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

அதுக்கப்புறமும் 18 வருஷம் ஆச்சு. கொராடி ஒருத்தரே எல்லாத்தையும் செஞ்சார்னு சொன்னா நியாயம் இல்லை. 1976ல ஐரோப்பிய சமூகம் பல்கலைக்கழகங்களுக்கு நடுவுல சின்ன அளவுல கூட்டுப் படிப்புத் திட்டம் ஆரம்பிச்சது. பிரஸ்ஸல்ஸ்ல ஹைவல் செரி ஜோன்ஸ்ங்கிற வேல்ஸ்காரர் அதை வளர்த்தார். 1986ல பெரிய திட்டமா முன்வெச்சப்போ, காசு யார் கொடுக்கறதுன்னு பெரிய நாடுகள் முறைச்சுக்கிட்டதுல ஆணையம் திட்டத்தையே திரும்ப வாங்கிடுச்சு. அப்போ ஃபிராங்க் பியாஞ்சரிங்கிற பிரெஞ்சு இளைஞர் நடத்தின ஐரோப்பிய மாணவர் அமைப்பு பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானையே பார்த்துப் பேசி ஆதரவு வாங்கிச்சு. ஒருவழியா 1987 ஜூன்ல எராஸ்மஸ் திட்டம் நிறைவேறிச்சு.

முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். போற இடத்துல கல்விக் கட்டணம் கிடையாது, சொந்தக் கல்லூரிக்குக் கட்டறதைக் கட்டினாப் போதும். கைச்செலவுக்குக் கொஞ்சம் உதவித்தொகை. 1989ல கிரெடிட் கணக்கு முறையைச் சோதனையா ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷ உழைப்புன்னா 60 கிரெடிட், எந்த நாடா இருந்தாலும் சரி. கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தக் காகிதம் தயாராகும். என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட்னு எழுதி மாணவர், அனுப்பற கல்லூரி, வரவேற்கிற கல்லூரி மூணு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. ஜன்னல்ல கேக்க வேண்டிய கேள்விக்குக் கப்பல் ஏறும் முன்னாடியே பதில் வாங்கியாச்சு. 1969ல கொராடி எழுதின அந்த 'முன்கூட்டியே' இதுதான்.

திட்டத்துக்கு 30 வயசு ஆன 2017ல, தொழிற்பயிற்சிக்காரங்க, தன்னார்வலர்கள் எல்லாரையும் சேர்த்து 90 லட்சம் பேர் இதுல போய்ட்டு வந்திருந்தாங்க. 2002ல இந்த மாணவர்கள் பார்சிலோனாவுல ஒரே வீட்டுல அடிக்கிற கூத்தை வெச்சு செட்ரிக் கிளாபிஷ் 'லோபெர்ஜ் எஸ்பான்யோல்'னு ஒரு படமே எடுத்தார், கிடைச்சாப் பாருங்க. கொராடிக்கு 'மம்மா எராஸ்மஸ்'னு செல்லப் பேர் வந்தது. 2016ல ஸ்பெயின்ல ஐந்தாம் கார்லோஸ் பேர்ல கொடுக்கிற ஐரோப்பிய விருதும் கிடைச்சது. அந்த கிளார்க் பேர் யாருக்காவது தெரியுமா? :-)

நம்ம ஊர்ப்பக்கம் ஒண்ணுமே நடக்கலையான்னு கேட்டா, நடந்திருக்கு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்ல அஞ்சு வருஷ சாண்ட்விச் கோர்ஸ் உண்டு. ஒரே வளாகத்துல காலேஜும் தொழிற்கூடமும். பிலானியில பிட்ஸ் 1973ல 'பிராக்டிஸ் ஸ்கூல்'னு ஆரம்பிச்சு, தொழிற்சாலையில செய்யற வேலைக்கே கிரெடிட் கொடுத்தது. 2021ல யு.ஜி.சி. 'கிரெடிட் வங்கி'ன்னு ஒண்ணு கொண்டுவந்தது. ஒரு இடத்துல வாங்கின கிரெடிட்டைச் சேர்த்துவெச்சு இன்னொரு இடத்துல பயன்படுத்தலாங்கிற யோசனை.

ஆனா நான் படிச்ச காலேஜ்ல (பேர் வேண்டாம்) 'இன்பிளாண்ட் டிரெயினிங்'னு 15 நாள் இருந்தது. மார்க் கிடையாது, சர்டிபிகேட் கொடுத்தாப் போதும். எங்க வகுப்புல ஒருத்தன் நெஜமாவே ஒரு பவுண்டரிக்குப் போனான். 15 நாள் கரியும் மணலும் பூசிக்கிட்டு, வார்ப்புல ஏன் ஓட்டை விழுதுன்னு அங்கிருந்த மேஸ்திரிகிட்ட கத்துக்கிட்டு வந்தான். இன்னும் பல பேர் மாமா, சித்தப்பா கம்பெனி லெட்டர்பேடுல சர்டிபிகேட் அடிச்சு வாங்கிட்டு வீட்டுல கிரிக்கெட் பார்த்தாங்க. ஆபீஸ்ல ரெண்டு காகிதத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுக் கட்டிவெச்சாங்க. பவுண்டரிக்குப் போனவன் எங்ககிட்ட வந்து, 'என்ன மயிருக்குடா நான் போனேன்?'னு கேட்டான். யார்கிட்டயும் பதில் இல்லை. அடுத்த வருஷம் அவனும் லெட்டர்பேடுக்கு மாறிட்டான்.

எனக்குக் கொராடி கதையைவிட இது வலிக்குது. கொராடிக்குக் கதவைச் சாத்தினாங்க, அந்தக் கோபமே அவரை 1987 வரைக்கும் ஓட வெச்சது. இங்கே யாரும் கதவைச் சாத்தலை. போனவனையும் போகாதவனையும் ஒரே தராசுல நிறுத்தி, போனவன் ஆசையை அணைச்சுட்டாங்க.

மாணவர்களுக்கு வெளியே போய்க் கத்துக்கிற ஆர்வமே இல்லைன்னு மேடையில பேசறவங்களைக் கேட்டா எனக்குச் சிரிப்புத்தான் வருது. 1906லயும் சரி, 1923லயும் சரி, மாணவர்களுக்கு ஆர்வம் தானா முளைக்கலை. போனா அது கணக்குல சேரும்னு யாரோ ஒருத்தர் முதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க, அப்புறம்தான் கூட்டம் வந்தது.

இப்போ காலேஜ்ல வேலை பார்க்கிற நண்பர்கள் இதைப் படிச்சா ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. உங்க பசங்க வெளியே போய்ட்டு வர்ற ரெண்டு மாசம் மார்க் ஷீட்ல எந்த வரியில வருது? அப்படி ஒரு வரி இருந்தா, அதைப் போட வெச்சவர் யாருன்னும் எழுதுங்க. அவரைப் பத்தித் தனியா ஒரு பதிவு போட ஆசை.