குரலின் உடைமை: இசைத்தட்டு முதல் கணினி வரை

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது தமிழ்நாட்டு நாடகக் கலைஞருக்கு வாய்த்திருந்த முதல், அவர்தம் குரல் ஒன்றே. ஒலிபெருக்கி இல்லாத கீற்றுக் கொட்டகையில், கடைசி வரிசைக்கும் அப்பால் தரையில் அமர்ந்திருப்பவர் செவியில் விழுமாறு அவர் பாடவேண்டும், விடியும்வரை பாடவேண்டும். உயர்ந்த சுருதியும் தளராத மூச்சும் இருந்தால் பிழைப்பு உண்டு. தொண்டை கட்டினால் அன்றைக்குக் கூலி இல்லை. பாடுபவர் இருக்கும் இடத்தில்தான் பாட்டு இருந்தது. அவர் எழுந்து சென்றால் பாட்டும் அவருடனே சென்றது.

அடுத்து வந்த நூறாண்டுகளில் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து இப்பிணைப்பை அறுத்தன. இசைத்தட்டு குரலை இடத்திலிருந்து பிரித்தது. பின்னணி முறை அதனை உடலிலிருந்து பிரித்தது. கணினியோ உயிரிலிருந்தே பிரித்துவிட்டது. இம்மாற்றங்களைக் கலைஞரும் வணிகரும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஆராயும்போது ஒரே வினா மீண்டும் மீண்டும் எழக் காண்கிறோம்: பிரிந்து சென்ற குரல் யாருக்கு உரியது?

மூன்று நிமிட மேடை

1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியக் குரல்களை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1908இல் அந்நகரிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலையும் எழுந்தது. இயந்திரத்தில் பாடினால் குரல் வளம் குன்றும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. அவையில் பெருமை பெற்றிருந்த ஆடவர் பலர் தயங்கினர். தயங்காமல் முன்வந்தோருள் தனகோடி அம்மாள், சேலம் கோதாவரி போன்ற பெண் கலைஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவையின் மதிப்பு முழுமையாகக் கிட்டாதோருக்குப் புதிய கருவி புதிய வாயிலாக அமைந்தது எனலாம்.

ஆனால் அவ்வாயில் குறுகலானது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மேடையில் அரைமணி நேரம் விரியும் பாட்டு மூன்று நிமிடத்தில் முடியவேண்டும். 1925ஆம் ஆண்டையொட்டி மின்பதிவு முறை வரும்வரை ஒலிவாங்கியும் கிடையாது. உலோகக் கூம்பின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாடவேண்டும். கலைஞர்கள் ஆலாபனையைச் சுருக்கவும், பல்லவியிலேயே கேட்போரைக் கவரவும், முடிவைக் கச்சிதமாக நிறுத்தவும் கற்றனர். திரைப்பாடலின் அளவையும் அமைப்பையும் வகுத்ததில் இத்தட்டின் விட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

இசைத்தட்டால் விளைந்த நன்மைக்கு எஸ்.ஜி. கிட்டப்பாவே சான்று. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் அவர் மறைந்தார். அவரை மேடையில் கண்டோர் எவரும் இன்றில்லை. எனினும் அவர் குரலை நாம் அறிவோம். தட்டுகளே அதனைக் காத்தன. ஆயினும் அத்தட்டுகள் விற்ற காலத்தில் நாடகக் கலைஞர் பலருடைய கணக்கு, பதிவின்போது கைக்கு வந்த தொகையோடு முடிந்துபோனது. தட்டு ஊரூராகப் பாடிக்கொண்டிருந்தது. பாடியவர் அடுத்த ஊர் நாடகத்திற்கு வண்டி ஏறிக்கொண்டிருந்தார்.

படம் பேசத் தொடங்கியபோது

1905இல் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். ஊமைப்பட அரங்குகளில் திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்வோர் இருந்தனர். காட்சிக்கேற்ப வாத்தியம் இசைப்போர் இருந்தனர். படம் பேசத் தொடங்கியதும் முதலில் வேலை இழந்தவர்கள் இவர்களே. இவர்களுள் பெரும்பாலோர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

1931 அக்டோபர் 31ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியாயிற்று. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் நிறுவனத்தில், எச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் உருவான படம் அது. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையளித்தார். இக்குறையை மக்கள் பொருட்படுத்தவில்லை, பாட்டுக்காகவே கூடினர். ராஜலட்சுமி நாடக மேடையில் வளர்ந்தவர், ஊமைப்படத்திலும் நடித்தவர். 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே இயக்கவும் செய்தார். மேடை, ஊமைப்படம், பேசும்படம் என்ற மூன்றையும் ஒருவரே கடந்து, மூன்றாவதில் ஆட்டுவிப்போர் நிரையில் சேர்ந்தது அரிய செய்தியாகும்.

தொடக்ககாலப் பேசும்படத்தில் நடிப்பும் ஒலியும் ஒருங்கே பதிவாயின. காக்கை கரைந்தாலும் காட்சி கெடும். வாத்தியக்காரர் படப்பெட்டியின் பார்வைக்கு அப்பால் மறைந்திருந்து இசைக்க, நடிப்பவரே பாடவேண்டும். எனவே தயாரிப்பாளர்கள் நாடக மேடையைத் தேடி வந்தனர். மேடையில் புகழ் பெற்ற ‘பவளக்கொடி’ 1934இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமானபோது, எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ஏறத்தாழ ஐம்பது பாடல்களுடன் திரையேறினர். 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘மேனகா’ நாடகத்தைக் குழுவினருடனே திரைக்குக் கொண்டுசென்றனர். அதே ஆண்டில் வந்த ‘நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமேற்று நந்தனாராக நடித்தார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது நாடறிந்த செய்தி. தம் குரலின் விலையைத் தாமே வகுத்தவர் அவர்.

ஆனால் அவ்வாறு விலை பேச வாய்த்தவர் சிலரே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதன் வழிவந்த பாலர் கம்பெனிகளும் திரைக்கு நடிகரை அளிக்கும் நாற்றங்கால்கள் ஆயின. நாற்று சென்றது; வயல் காய்ந்தது. என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகிய மூவரும் இத்தகைய கம்பெனிகளில் பயின்றவர்களே. அவர்களுடன் ஒரே பாயில் படுத்துறங்கிய பிற சிறுவர்களின் கதையை எழுதியவர் இல்லை.

இரவல் குரல்

சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக இசைத்தட்டு வணிகம் செய்த ஏ.வி. மெய்யப்பன் 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்துத் தோல்வி கண்டார். தோல்வியால் துவளாமல் தம் பழைய தொழிலின் அறிவைப் புதிய தொழிலில் புகுத்தினார். தட்டு வணிகர் ஒருவருக்குத் தெரிந்த உண்மை, பாட்டைத் தனியே பதிவு செய்யலாம் என்பது. 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கடராமன் பாடிய குரல் பயன்படுத்தப்பட்டது. தமிழ்த் திரையில் பின்னணி முறை இவ்வாறு தோன்றியது. 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ் உரையாடல் சேர்த்து வெளியிட்டதும் அவரே.

இச்சிறு உத்தி திரையுலகின் அமைப்பையே மாற்றிற்று. பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம். முகப்பொலிவு இல்லாதவரும் பாட்டால் நாடாளலாம். 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசன் பேச, சி.எஸ். ஜெயராமன் அவருக்காகப் பாடினார். அடுத்த கால் நூற்றாண்டு டி.எம். சௌந்தரராஜன் இரு பெரும் நாயகருக்கும் குரலானார். ஒலிவாங்கி நுண்மை பெற்றதால் உரத்துப் பாடவேண்டிய தேவையும் மறைந்தது, ஏ.எம். ராஜாவின் மென்குரல் பழைய கொட்டகையில் மூன்றாம் வரிசையைத் தாண்டியிராது. திரையிலோ அதுவே தேனாயிற்று. ஒரு காலத்தின் குறை மறுகாலத்தின் அழகாவது கருவி செய்யும் விந்தை.

பாடும் நடிகரின் காலம் 1950களில் மறைந்தது. பாகவதர் 1959இல் காலமானார். விதிவிலக்காக நின்றவர் சுந்தராம்பாள். 1953இல் ‘ஔவையார்’, 1965இல் ‘திருவிளையாடல்’ என இறுதிவரை தம் பாட்டைத் தாமே பாடித் தாமே நடித்தார்.

உரிமை வந்த வழி

குரல் விலையாயிற்று, உரிமையாகவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகருக்கும் நடிகருக்கும் இடமே இல்லை. 1977இல் உச்ச நீதிமன்றம், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது திரைப்படத்திற்கென ஆக்கப்பட்ட இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே எனத் தீர்ப்பளித்தது. 1994இல் செய்த திருத்தமே நிகழ்த்துவோர் உரிமை என்ற ஒன்றைச் சட்டத்தில் ஏற்றியது. ‘நந்தகுமார்’ வந்து அதற்குள் 56 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமப் பணத்தில் தமக்குரிய சமபங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு காத்தது. பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு வகுத்தது. இத்திருத்தத்தை முதற்பாடகர் தலைமுறையில் பலர் காணவில்லை.

கருவியைக் கற்பதில் நம் கலைஞர் எவரும் பின்தங்கவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கூம்புக்குப் பாடினர், ஒலிவாங்கிக்குப் பாடினர், ஒலிநாடாவுக்கும் கணினிக்கும் பாடினர். பின்தங்கியது ஒப்பந்தம். தொழில்நுட்பம் ஓராண்டில் மாறிற்று. கணக்குப் புத்தகம் மாற அரை நூற்றாண்டு ஆயிற்று.

2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டன. இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார். இசைவும் ஊதியமும் முன்னரே பேசப்பட்டது போற்றத்தக்க முன்மாதிரி. ஆயினும் அது ஒருவரின் நல்லெண்ணத்தால் விளைந்தது. எல்லோரையும் கட்டும் நெறியாக வளர்ந்தாலன்றி, எளிய பாடகரின் குரல் பழைய தட்டுகளைப்போல் கேட்பாரற்றுச் சுழலும்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாதோறும் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடைபெறுகிறது. ஆர்மோனியத்தையும் ஒலிபெருக்கியையும் அம்மேடை தன்னதாக்கிக் கொண்டது. அதனைக் காத்துவருவோருள் அவ்வூர்களின் நடிகர் சங்கங்களும் உண்டு. தனித்து நின்ற கலைஞர் கருவிக்கு இரையாயினர். கூடி நின்றோர் அதனைக் கையாளக் கற்றனர். அடுத்து வரும் கருவி எதுவாயினும், அதனை இயக்கப் பயில்வதற்கு முன்பே அதன்வழிப் பிரியும் குரலுக்கு உரியவர் யார் என்பதை எழுதிக்கொள்ள நம் கலைஞர்கள் ஒன்றுகூட வேண்டும். சென்ற நூற்றாண்டின் பாடகர்கள் விட்டுச்சென்ற பாடங்களுள் தலையாயது இதுவே.